தீயில் வீடிழந்த பக்கத்து வீட்டுக்கும் நம் வீட்டுக்கும் ஒரே பானை

கேள்வி: கடையம் பக்கம் மலையடிவாரத்தில் இருக்கிறோம். பத்து நாளைக்கு முன்பு மலையில் பிடித்த தீ, காய்ந்த புல் வழியாக இறங்கிப் பக்கத்து வீட்டு ஓலைக் கூரையையும் ஆட்டுக் கொட்டிலையும் எரித்துவிட்டது. அவர்கள் இப்போது எங்கள் தெருவிலேயே ஒரு சாய்ப்பில் தங்கியிருக்கிறார்கள். தாத்தா, சர்க்கரை உள்ள ஆச்சி, மகன், ஐந்து மாதக் குழந்தையோடு மருமகள், அரசுப் பள்ளியில் மூன்றாம் வகுப்புப் படிக்கும் பேரன். ராத்திரிச் சாப்பாடு நான்தான் கொடுக்கிறேன். அம்பாசமுத்திரத்தில் ஜவுளிக்கடை வேலை முடிந்து வீடு வர ஏழாகிவிடும். என் கணவருக்கும் சர்க்கரை, எங்களுக்கு இரண்டு பிள்ளைகள். முதல் நாலு நாள் சமைத்தேன். இப்போது பாதி நாள் பரோட்டாதான். என் வீட்டுச் சாப்பாடும் கெடாமல், அவர்களையும் கைவிடாமல் எப்படிச் சமாளிப்பது? நிவாரணம் வாங்கித் தருகிறேன் என்று ஒருவர் ஆதார் நகலும் ஆயிரம் ரூபாயும் கேட்கிறார். கொடுக்கச் சொல்லலாமா?

பதில்: கொடுக்கச் சொல்லாதீர்கள். அந்த ஆளைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன், முதலில் அடுப்பைப் பார்ப்போம்.

நீங்கள் இவ்வளவு களைத்துப்போனதற்குக் காரணம், அவர்களுக்கு ஒரு சமையல், உங்களுக்கு ஒரு சமையல் என்று இரண்டாக நினைத்ததாகத்தான் இருக்கும். ஏழு மணிக்கு வருகிறவரால் அது முடியாது. உங்கள் வீட்டில் இன்றைக்கு என்ன சாப்பாடோ, அதையே ஒன்பது பேருக்கு வையுங்கள். விருந்து மாதிரி இருக்க வேண்டும், குழம்பு கூட்டு பொரியல் எல்லாம் கொடுக்க வேண்டும் என்ற நினைப்பை விடுங்கள். வீடு எரிந்தவர்களுக்கு ராத்திரியில் வேண்டியது சூடான, தெரிந்த ருசியுள்ள, வயிற்றைக் கெடுக்காத சாப்பாடு.

அதற்கு நம் ஊர்க் கூட்டாஞ்சோற்றை மிஞ்ச ஒன்றும் இல்லை. ஒன்பது பேரில் இரண்டு பேருக்குச் சர்க்கரை இருப்பதால் அளவை மட்டும் கொஞ்சம் மாற்றுங்கள். அரிசி 600 கிராம் என்றால் துவரம்பருப்பு 300 கிராம், அதாவது இரண்டு பங்குக்கு ஒரு பங்கு. காய் ஒன்றரைக் கிலோவுக்குக் குறைய வேண்டாம்: கத்தரிக்காய், வாழைக்காய், சீனியவரைக்காய், முருங்கைக்காய், எது மலிவோ அது. முருங்கைக்கீரை இரண்டு கை. தேங்காய், சீரகம், பூண்டு, மிளகாய்வற்றல், சின்ன உள்ளி அரைத்த விழுதைக் காலையிலேயே தயார் செய்து ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டுப் போங்கள். காயையும் காலையில் நறுக்கிவிடலாம், அல்லது அந்த வேலையைப் பக்கத்து வீட்டு ஆச்சியிடம் கேளுங்கள். தயங்காதீர்கள். பத்து நாளாகக் கையைக் கட்டிக்கொண்டு அடுத்த வீட்டுச் சோற்றுக்குக் காத்திருப்பது அந்த வயதில் பெரிய வேதனை. அரிவாள்மனையைக் கொடுத்தால் அவருக்கு உயிர் வரும். ஆச்சிக்கும் உங்கள் கணவருக்கும் தட்டில் முதலில் காயை அள்ளி வையுங்கள், அப்புறம் சோறு ஒன்றரைக் கரண்டி. அவர்களுக்கென்று தனியாகச் சமைக்க வேண்டாம்.

இன்னொரு நாள் தொலி உளுந்து போட்ட உளுந்தஞ்சோறும் எள்ளுத் துவையலும். வேறொரு நாள் சிறுபயறுக் கஞ்சி, தொட்டுக்கொள்ளக் காணத் (கொள்ளு) துவையல். ஞாயிற்றுக்கிழமை ஆட்டிய மாவு இரண்டு ராத்திரிக்கு வரும். வாரத்தில் ஒரு நாள் முடியவே இல்லையென்றால் கடை இட்லி வாங்குங்கள், அதில் குற்றம் ஒன்றும் இல்லை. பரோட்டா மட்டும் வேண்டாம். மைதாவும் எண்ணெயும் சால்னாவுமாக ராத்திரி ஒன்பது மணிக்கு இரண்டு சர்க்கரை நோயாளிகளுக்குக் கொடுக்கிற சாப்பாடா அது?

தேங்காய் அரைத்த சாப்பாடு இந்த வெயிலில் சீக்கிரம் கெட்டுவிடும். இறக்கின சூட்டில் தூக்குவாளியில் கொடுங்கள், பிளாஸ்டிக் பையில் கட்டாதீர்கள். மிஞ்சியதைக் காலைக்கு வைக்கச் சொல்லாதீர்கள், அந்தச் சாய்ப்பில் ஃப்ரிட்ஜ் இருக்காது.

பேரனுக்காக நீங்கள் அதிகம் கவலைப்பட வேண்டாம். அரசுத் தொடக்கப் பள்ளிகளில் 2023 ஆகஸ்டு முதல் எல்லா இடத்திலும் காலை உணவு உண்டு, மதியம் சத்துணவும் முட்டையும் உண்டு. பள்ளி நாளில் இரண்டு வேளை அங்கேயே முடிந்துவிடும். பையன் பள்ளிக்கூடம் போவதை மட்டும் நிறுத்திவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஆச்சியின் மாத்திரை எரிந்து போயிருந்தால் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டால் கொடுப்பார்கள். 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் அவர் பெயர் இருந்தால், சாய்ப்பு இருக்கும் இடத்தைச் செவிலியரிடம் சொல்லி மாத்திரையை அங்கே கொண்டுவரச் சொல்லுங்கள்.

இனி கைக்குழந்தை. நீங்கள் அதைப் பற்றித் தனியாகக் கேட்கவில்லை, ஆனால் எனக்கு மிகவும் பயமாக இருப்பது இதில்தான். எங்கே வீடு எரிந்தாலும், வெள்ளம் வந்தாலும், நல்ல மனசோடு யாராவது பால்பவுடர் டப்பாவும் புட்டியும் கொண்டுவந்து இறக்கிவிடுகிறார்கள். ‘அதிர்ச்சியில் பால் வற்றிப்போச்சு’ என்று பெரியவர்களும் சொல்லிவிடுவார்கள். அதிர்ச்சியில் பால் இறங்குவது கொஞ்ச நேரம் தாமதப்படும், அவ்வளவுதான். அடிக்கடி குழந்தையை மார்பில் போட்டால் பால் தானாக வரும். ஒரு நாள் பவுடர் கொடுத்தால் மறுநாள் பால் குறையும், அந்த டப்பா தீர்ந்தபின் அடுத்த டப்பாவுக்கு அந்தக் குடும்பம் எங்கே போகும்? பால்பவுடரை இலவசமாகக் கொடுப்பதைத் தடுக்க 1992-இலேயே நம் நாட்டில் சட்டம் வந்துவிட்டது. ஆனாலும் நிவாரணப் பொருள் வண்டியில் அந்த டப்பாக்கள் வந்துகொண்டேதான் இருக்கின்றன, தடுக்க வேண்டியவர்கள் அதோடு நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். உங்கள் வீட்டுக் கூட்டாஞ்சோற்றில் மருமகளுக்கு ஒரு கரண்டி கூட வையுங்கள், தண்ணீர் நிறையக் குடிக்கச் சொல்லுங்கள். பாலூட்டும் தாய்க்கு அங்கன்வாடியில் சத்துமாவு உண்டு. ‘பெயர் வேறு மையத்தில் இருக்கிறது’ என்று திருப்பி அனுப்பினால் கூடப் போய் நின்று கேளுங்கள். பதிவேட்டைத் திருத்த ஒரு பேனா போதும்.

ஒரே ஒரு விதிவிலக்கு. தீ வருவதற்கு முன்பே அந்தக் குழந்தை பவுடர் பாலில்தான் வளர்ந்தது என்றால், அதை நிறுத்தக் கூடாது. அப்போது ஆபத்து தண்ணீரிலும் புட்டியிலும் இருக்கிறது. சாய்ப்பில் புட்டியைக் கொதிக்கவைத்துச் சுத்தம் செய்வது நடக்காத காரியம். புட்டியை ஒதுக்கிவிட்டுப் பாலாடைச் சங்கில் அல்லது சிறிய டம்ளரும் கரண்டியுமாகக் கொடுக்கச் சொல்லுங்கள். தண்ணீரை நன்றாகக் கொதிக்கவைத்து இறக்கி, அரை மணி நேரத்துக்குள், சூடு இருக்கும்போதே பவுடரைக் கலக்க வேண்டும். பிறகு ஆறவைத்துக் கொடுக்க வேண்டும், ஆறிப்போன தண்ணீரில் கலக்கக் கூடாது. டப்பாவில் போட்ட அளவுதான். பவுடர் நாலு நாள் கூட வரட்டும் என்று தண்ணீரைக் கூட்டினால் குழந்தை மெலிந்துபோகும். குடித்து மிஞ்சியதைக் கொட்டிவிட வேண்டும். இதற்கான வெந்நீரை ஒரு ஃபிளாஸ்க்கில் அவ்வப்போது புதிதாக உங்கள் வீட்டிலிருந்து கொடுத்தால், அதைவிடப் பெரிய உதவி இல்லை. கொஞ்சம் தாய்ப்பால், கொஞ்சம் பவுடர் என்று இருந்த குழந்தை என்றால், தாய்ப்பாலை முதலில் கொடுத்துவிட்டு மற்றது.

எரிந்த வீட்டிலிருந்து தப்பிய அரிசி மூட்டை, எண்ணெய் டின் எதையும் சமையலுக்கு எடுக்க வேண்டாம். பிளாஸ்டிக்கும் டயரும் எரிந்த இடத்துக்குப் பக்கத்தில் சாம்பல் படிந்த கீரையும் வேண்டாம். தீயில் கிடந்த கேஸ் சிலிண்டரை ‘உள்ளே கேஸ் இருக்கிறது’ என்று யாராவது மாட்டப் பார்ப்பார்கள். தொடவே கூடாது, ஏஜென்சியில் சொல்லி எடுத்துப்போகச் சொல்லுங்கள். கசிவு வாடை வந்தால் 1906.

எத்தனை நாள் கொடுப்பது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் மனசுக்குள் அந்தக் கேள்வி இருக்கும். இருப்பதில் தப்பில்லை. அவர்கள் அடுப்பு பற்றவைக்கிற நாள் வரைக்கும். அந்த நாளைச் சீக்கிரம் கொண்டுவருவதுதான் இனி உங்கள் வேலை. உதவி என்றால் எல்லாரும் அரிசியும் பழைய சேலையும்தான் கொடுக்கிறார்கள். ரேஷனில் அரிசி இலவசம், பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய். அட்டை எரிந்தாலும் விவரம் கணினியில் இருக்கிறது, நகல் அட்டைக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம். அவர்களிடம் இல்லாதது புளி, உப்பு, மிளகாய்ப்பொடி, தோசைக்கல், ஒரு குழம்புச்சட்டி, இரண்டு கரண்டி. தெருவில் வீட்டுக்கு ஒரு பொருளாகச் சேர்த்தால் ஒரே நாளில் முடிந்துவிடும்.

சரி, அந்த ஆயிரம் ரூபாய்க்காரர். தீ விபத்து மாநிலப் பேரிடர் நிவாரண நிதியில் சேர்ந்த பேரிடர்தான். வீட்டுக்கும், துணிமணி பாத்திரத்துக்கும், செத்த கால்நடைக்கும் தனித்தனியே கேட்கலாம். ஆடு செத்திருந்தால் கால்நடை மருத்துவரின் சான்று வேண்டும். மனுவைக் கிராம நிர்வாக அலுவலரிடம் கொடுத்து, ஒரு பிரதியைத் தாசில்தார் அலுவலகத்தில் கொடுத்துச் சீல் வாங்க வேண்டும். இதற்கு எந்த இடத்திலும் ஆயிரம் ரூபாய் கட்டணம் கிடையாது. இடைத்தரகர் நுழைவதற்கு வழி வைப்பது அலைக்கழிப்புதான். மலைத்தீ என்றால் வனத்துறையிடம் போ என்பார்கள், வனத்துறையோ ‘எரிந்தது பட்டா நிலம், வருவாய்த்துறையிடம் போ’ என்று திருப்பும். வீடு எரிந்தவன் இரண்டு பஸ் மாறி மூன்று அலுவலகம் ஏறினால் நாலாவது நாள் ஆயிரம் ரூபாயை நீட்டத்தான் செய்வான். அந்த அலைச்சலை ஒழிக்காமல் ‘தரகரை நம்பாதீர்கள்’ என்று சுவரில் எழுதி என்ன பயன்? திருப்பி அனுப்பினால் மாவட்டப் பேரிடர் எண் 1077-இல் சொல்லுங்கள், நகராவிட்டால் திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் குறைதீர்க்கும் நாளில் மனு கொடுங்கள்.

அந்த ஆளிடம் ஏற்கெனவே ஆதார் நகல் போயிருந்தால் அதைத் திரும்ப வாங்குங்கள். வங்கிப் புத்தகத்தை யாரிடமும் கொடுக்க வேண்டாம், ஓடிபியை யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று அந்த வீட்டு மகனை உட்காரவைத்துச் சொல்லுங்கள். இனிக் கொடுக்கிற ஒவ்வொரு நகலிலும் குறுக்கே இரண்டு கோடு போட்டு ‘தீ நிவாரண மனுவுக்கு மட்டும்’ என்று எழுதித் தேதி போட்டுக் கையெழுத்திட்டுக் கொடுக்கட்டும்.