பாதி ஸ்வெட்டரும் பனிக்காலமும்

(வாசகியர் கேள்விகளுக்கு, குன்னூரில் தையல் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவரின் பதில்கள்)

*டீச்சர், பீரோவில் மூன்று வேலைகள் பாதியில் கிடக்கின்றன. மகளுக்கு ஸ்வெட்டர், அதில் ஒரு கை பாக்கி. மாமியாருக்குச் சால்வை. எனக்கு மப்ளர். கார்த்திகை முடியப்போகிறது, காந்தல் பக்கம் காலையில் புல்லெல்லாம் வெள்ளையாகக் கிடக்கிறது. எதை முதலில் முடிப்பது?*
– ஒரு வாசகி, உதகை

மகளுடையதை. மாமியார் இனி வளரமாட்டார், மகள் வளர்ந்துகொண்டே இருக்கிறாள். இன்றைக்கே அவளைக் கூப்பிட்டு முதுகுத் துண்டை அவள் முதுகில் வைத்துப் பாருங்கள். தோளுக்குத் தோள் எட்டவில்லை என்றால் அந்த ஸ்வெட்டருக்கு வேறு குழந்தையைத் தேடுங்கள். எட்டுகிறது என்றால் இந்த மாதமே முடித்தாக வேண்டும்.

பாதியில் நின்ற வேலையை எடுத்தவுடன் பின்ன உட்காரக் கூடாது. முடிந்த கையை மேசையில் விரித்து, மணிக்கட்டுப் பட்டையில் எத்தனை வரிசை, எந்தெந்த வரிசையில் கண்ணி (ஊசியில் ஏறும் நூல் வளையம்) கூட்டியிருக்கிறீர்கள் என்று எண்ணுங்கள். கண்ணி கூட்டிய இடங்களில் எல்லாம் சிவப்பு நூலை முடிந்து வையுங்கள். எண்ணியதைத் தாளில் எழுதுங்கள், நினைவில் வைத்துக்கொள்ளலாம் என்று நம்பாதீர்கள். அப்புறம் ஊசி. போன வருடம் எந்த ஊசியில் பின்னினீர்களோ அதே ஊசி வேண்டும். நடுவில் அதை உருவி வேறு வேலைக்குக் கொண்டுபோயிருப்பீர்கள், எல்லோரும் செய்வதுதான். ஊசி மாறினால் ஒரு கை இறுக்கமாகவும் இன்னொரு கை தொளதொளவென்றும் வரும்.

இவ்வளவு அதட்டிப் பேசும் நான் ஒன்றும் யோக்கியமில்லை. 1998 மார்கழியில் என் கணவருக்குச் சாம்பல் நிறத்தில் ஒரு ஸ்வெட்டர் தொடங்கினேன். முன்புறம், பின்புறம், ஒரு கை எல்லாம் தை பிறக்குமுன் முடிந்துவிட்டன. அதோடு நூலும் முடிந்துவிட்டது. கடைக்குப் போனால் அதே நிறம் இருக்கிறது, ஆனால் வேறு சாயத் தொகுதி, அதாவது வேறொரு தடவை சாயம் தோய்த்த நூல். கடைக்குள் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரிந்தன. வெயிலில் கொண்டுவந்து பார்த்தால் ஒன்று மழை மேகம், மற்றொன்று அடுப்புச் சாம்பல். (உருண்டையின் சீட்டில் அச்சிட்டிருக்கும் தொகுதி எண்ணைப் பார்த்து, மொத்த நூலையும் ஒரே நாளில் வாங்குங்கள். ஓர் உருண்டை மிஞ்சினால் தொப்பி ஆகும்.) அந்த ஒற்றைக்கை ஸ்வெட்டர் பதினோரு வருடம் டிரங்குப் பெட்டியில் கிடந்தது. பெட்டியைத் திறக்கும்போதெல்லாம் அந்தக் கை என்னைப் பார்த்து ஆடும். ஒருநாள் கோபத்தில் அந்தக் கையை மட்டும் பிரித்தேன். பிரித்த நூல் கழுத்துக்கும் இரண்டு அக்குளுக்கும் பட்டை பின்னச் சரியாக இருந்தது. இன்றைக்கும் அவர் கை இல்லாத அந்த ஸ்வெட்டரோடுதான் பால் வாங்கப் போகிறார்.

அதற்குப் பிறகு இரண்டு கைகளையும் ஒரே ஊசியில் ஏற்றிச் சேர்த்தே பின்னுகிறேன். கைக்கு ஓர் உருண்டை. இடது கையில் ஒரு வரிசை, உடனே வலது கையில் ஒரு வரிசை. கண்ணி கூட்டினாலும் குறைத்தாலும் இரண்டிலும் ஒரே வேளையில் நடக்கும். நூல்கள் சிக்கிக்கொள்ளும், ஓர் உருண்டையை மடியிலும் மற்றதைத் தரையில் ஒரு குண்டானிலும் போட்டுக்கொள்ளுங்கள். இரண்டாவது கை என்று ஒன்று பாக்கி நிற்கவே நிற்காது.

மப்ளரைச் சமையலறையில் வையுங்கள். குக்கர் விசில் வருவதற்குள் நான்கு வரிசை ஓடும்.

*அம்மா கோத்தகிரியிலிருந்து கொடுத்தனுப்பிய ஊசிகளில் பின்னுகிறேன். இங்கே வாங்கிய பின்னல் குறிப்பில் 8ஆம் எண் ஊசி என்று இருந்தது, அம்மாவின் ஊசித் தலையிலும் 8 என்றே பொறித்திருக்கிறது. ஆனாலும் முதுகுத் துண்டு குழந்தைச் சட்டைபோல வந்திருக்கிறது. என் கை இறுக்கமோ?*
– ஒரு வாசகி, டொராண்டோ

உங்கள் கைமேல் பழி போடாதீர்கள். அம்மாவின் ஊசியில் இருப்பது பழைய பிரிட்டிஷ் எண், அதன்படி 8 என்றால் 4 மில்லிமீட்டர். நீங்கள் வாங்கியது அமெரிக்கக் குறிப்பாக இருக்கும், அங்கே 8 என்றால் 5 மில்லிமீட்டர். நம் ஊர் ஊசியில் எண் ஏற ஏற ஊசி மெலியும், அமெரிக்க ஊசியில் எண் ஏற ஏறத் தடிக்கும். இனி எண்ணை விட்டுவிட்டு மில்லிமீட்டரைப் பாருங்கள்.

ஒரு மில்லிமீட்டர்தானே என்று நினைக்காதீர்கள். குறிப்பில் 10 சென்டிமீட்டருக்கு 18 கண்ணி என்றிருந்தால் 90 கண்ணி போட்டால் 50 சென்டிமீட்டர் அகலம் வரும். மெல்லிய ஊசியில் அதே 10 சென்டிமீட்டரில் 22 கண்ணி அடைந்துகொண்டால் 41 சென்டிமீட்டர்கூட முழுதாக வராது. தொடங்குமுன் உள்ளங்கையளவு சதுரம் ஒன்று பின்னி அளந்திருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும். அதைத்தான் யாரும் செய்வதில்லை.

பிரித்துவிடுங்கள். பிரித்த நூல் இடியாப்பம்போலச் சுருண்டு கிடக்கும், அப்படியே பின்னினால் கண்ணி மேடும் பள்ளமுமாக விழும். நாற்காலி முதுகில் சுற்றி, நான்கு இடத்தில் தளர்வாகக் கட்டி, வெதுவெதுப்பான நீரில் அலசி, அடியில் சின்னக் கனம் ஒன்றைக் கட்டித் தொங்கவிடுங்கள். காய்ந்ததும் நேராகிவிடும்.

*டீச்சர், நான் ஆண். பஸ்ஸில் பின்னினால் சிரிக்கிறார்கள்.*
– ஒரு வாசகர், திருப்பூர்

திருப்பூரில் இருந்துகொண்டா இந்தக் கேள்வி! போட்டிருக்கும் பனியனைக் கழற்றி, பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள் தம்பி. வெளிப்பக்கம் குட்டிக் குட்டி அம்புத்தலைகள் வரிசையாக இறங்கும், உள்பக்கம் குறுக்கே மேடுமேடாக இருக்கும். உங்கள் ஊசியில் இருக்கும் அதே பின்னல், மிக மெல்லிய நூலில். 1589இல் காலுறை பின்ன முதல் இயந்திரம் செய்த வில்லியம் லீ ஓர் ஆண். அதற்கு முன்பு ஐரோப்பாவில் பின்னல் தொழிற்சங்கங்களை நடத்தியவர்களும் ஆண்களே. சிரிப்பவரிடம் அவருடைய பனியனைக் காட்டுங்கள். மலைப்பாதையில் மட்டும் பின்ன வேண்டாம், கொண்டை ஊசி வளைவில் பஸ் திரும்பும்போது பின்னல் ஊசி எங்கே போய்க் குத்தும் என்று சொல்ல முடியாது.

*பின்னி முடித்துவிட்டேன். துண்டுகளின் ஓரம் சுருள்கிறது, தைத்தால் கோணுகிறது. இஸ்திரி போடலாமா?*
– ஒரு வாசகி, கொடைக்கானல்

முதலில் நூல் என்ன என்று பாருங்கள். அக்ரிலிக் என்றால் இஸ்திரிப் பெட்டியைத் தூர வையுங்கள். சூடு பட்டால் துணி தொய்ந்துபோகும், மறுபடி நிமிராது. கம்பளி என்றால் தைப்பதற்கு முன்பே துண்டுகளை வெதுவெதுப்பான நீரில் கால் மணி நேரம் ஊறவையுங்கள். கொதிநீரும் கசக்குதலும் கூடாது. கம்பளி இழையில் மீன் செதில்போல அடுக்குகள் உண்டு, சூட்டிலும் தேய்ப்பிலும் அவை ஒன்றோடொன்று பின்னிக்கொண்டால் உங்கள் ஸ்வெட்டர் பொம்மைக்குத்தான் ஆகும். முறுக்கிப் பிழியாதீர்கள். துவாலையில் சுருட்டி, அதன்மேல் ஏறி மிதியுங்கள். பிறகு மெத்தையில் அளவு பார்த்து விரித்து, துருப்பிடிக்காத குண்டூசியால் ஓரங்களைக் குத்திக் காயவிடுங்கள். கொடியில் போட்டால் ஈரக்கனத்தில் நீண்டுவிடும். உங்கள் ஊர் மூடுபனியில் மூன்று நாள்கூட ஆகலாம். அதுவரை வீட்டில் யாரையும் அந்த மெத்தையில் உட்காரவிடாதீர்கள், குண்டூசி.

*சென்னையில் இருந்துகொண்டு ஸ்வெட்டர் பின்னுவது பைத்தியக்காரத்தனம் என்கிறார் என் கணவர்.*
– ஒரு வாசகி, மயிலாப்பூர்

மார்கழிக் காலையில் நடக்கப் போகும்போது அவர் காதில் மப்ளர் கட்டிக்கொள்கிறாரா, இல்லையா? அதை எழுதுங்கள் முதலில்.