எங்கள் பகுதியில் உயர்தர மளிகைக் கடை ஒன்று வரப்போகிறது. அக்கம்பக்கத்தார் இரண்டுபட்டு நிற்கிறார்கள். ஏன் இப்படி?

நீங்கள் கேட்கும் இதே கதை எங்கள் தெருமுனையிலும் நடந்தது. சொந்த வீட்டுக்காரர்களுக்கு மகிழ்ச்சி, வாடகைக்கு இருப்பவர்களுக்குக் கலக்கம் என்று நானும் முதலில் இரண்டு கட்சியாகத்தான் பார்த்தேன். பிறகுதான் புரிந்தது, பலருக்கு அந்த இரண்டு மனமும் ஒரே நெஞ்சுக்குள் இருக்கிறது.

எங்கள் கட்டடத்தில் வாடகைக்கு இருக்கும் அக்கா ஒருவருடன் கடை திறந்த முதல் வாரம் போனேன். ஒரு பொட்டலத்தை எடுத்தார், திருப்பினார், கண்ணருகே வைத்து விலையைப் படித்தார். எடுத்த இடத்திலேயே முகப்பு முன்னால் தெரியும்படி வைத்துவிட்டு, பக்கத்தில் சாய்ந்திருந்ததையும் விரலால் நேராக்கினார். ஊழியர்கள் எல்லோரும் மரியாதையாகத்தான் நடந்துகொண்டார்கள். வெளியே வந்ததும் சொன்னார்: "கடை அழகாகத்தான் இருக்கிறது தம்பி. ஆனால் நம்மை நினைத்துக் கட்டியது இல்லை."

அதே அக்காதான் சில மாதங்கள் கழித்து, கடையின் வெளிச்சம் வந்த பிறகு மகள் இரவு வேலை முடிந்து நடந்து வருவதில் பயம் குறைந்திருக்கிறது என்றும் சொன்னார். வாடகை ஒப்பந்தம் புதுப்பிக்கும் நாளில் வீட்டு உரிமையாளர் அந்தக் கடையையே காரணம் காட்டி வாடகையைக் கூட்டினார். இந்த மூன்றும் உண்மை. எதை வைத்து அவரை ஆதரவு, எதிர்ப்பு என்று பிரிப்பது?

வாடகையைக் கடைதான் ஏற்றியது என்று சொல்லிவிட முடியாது. இத்தகைய நிறுவனங்கள் வருமானம், கல்வி, குடியேற்றம் எல்லாவற்றையும் கணக்குப் பார்த்துவிட்டுத்தான் இடம் பிடிக்கின்றன. மாற்றம் முன்பே தொடங்கியிருக்கும். கடை அதற்கு வைத்த பெயர்ப்பலகை. அந்தப் பலகையைப் படித்துப் பதறுகிறவர்களை முன்னேற்றத்துக்கு எதிரிகள் என்று ஏசுவது எனக்குக் கோபமூட்டுகிறது. அவர்கள் சரியாகத்தான் படிக்கிறார்கள்.

அமெரிக்காவில் பாஸ்டன் நகரின் ஜமைக்கா பிளெயின் பகுதியில் லத்தீன் அமெரிக்க மக்களுக்குப் பல பத்தாண்டுகள் பொருள் கொடுத்த ஹை-லோ என்ற கடை 2011-இல் மூடப்பட்டு, அதே இடத்தில் ஹோல் ஃபுட்ஸ் என்ற உயர்தர மளிகை நிறுவனத்தின் கடை வந்தது. எதிர்த்தும் ஆதரித்தும் குடியிருப்பாளர்களே அணி திரண்டார்கள். எதிர்த்தவர்கள் வருந்தியது சரக்குக்காக மட்டும் இல்லை. தங்கள் மொழியில் பேசி வாங்கிய ஓர் இடம் போய்விட்டதே என்பதுதான் பெரிய வலி.

சிகாகோவின் எங்கிள்வுட் வேறு மாதிரி. வருமானம் குறைந்த அந்தப் பகுதிக்கு 2016-இல் அதே நிறுவனம் வந்தபோது பலர் வரவேற்றார்கள். வளாகத்துக்கு நகரத்தின் பொதுப் பணமும் செலவானது. 2022-இல் கடை மூடப்பட்டது. வந்தபோது சந்தேகப்பட்டவர்களும் போனபோது தவித்தார்கள் என்றால் அது முரண்பாடு இல்லை. பக்கத்தில் ஒரு கடை இருப்பதன் அருமை அப்படி.

இன்னொன்று. அருகில் நல்ல கடை வந்தால் மக்கள் நல்ல உணவாக வாங்குவார்கள் என்று வாதிடுவார்கள். 2019-இல் வெளியான அமெரிக்கப் பொருளியல் ஆய்வு ஒன்று, புதிய பேரங்காடி திறந்த பிறகும் அங்குள்ளவர்களின் வாங்கும் பழக்கம் பெரிதாக மாறவில்லை என்றே காட்டியது. முன்பு தொலைவில் வாங்கியதைப் பக்கத்தில் வாங்கினார்கள். நடை மிச்சம், நேரம் மிச்சம். முட்டிவலியோடு பை சுமக்கிறவருக்கு அதுவே பெரிது.

எனவே வேண்டும், வேண்டாம் என்று கைதூக்கச் சொல்லாதீர்கள். திறப்பதற்கு முன்பே நிர்வாகத்தைக் கூட்டத்துக்கு அழையுங்கள். சிறிய அளவில் பொருள் கிடைக்குமா, இந்தப் பகுதி ஆட்களுக்கு எத்தனை வேலை, சரக்கு லாரி எத்தனை மணிக்கு வரும் என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். நாங்கள் லாரியைப் பற்றி மட்டும் கேட்டோம். அதனால் விடியற்காலைத் தூக்கம் தப்பியது. மற்றவற்றைக் கேட்கத் தோன்றவில்லை என்பது இன்றும் உறுத்துகிறது.

வாடகைக்குக் கடையிடம் பதில் இருக்காது. அதற்கு வாடகைதாரர்கள் ஒன்றுசேர வேண்டும். அக்காவின் ஒப்பந்தம் அடுத்த முறை புதுப்பிக்க வரும்போது எங்கள் கட்டடத்தின் நான்கு குடும்பங்கள் சேர்ந்து உரிமையாளரைப் பார்க்கப் போகிறோம்.