விமர்சகர் விளையாடிய கேம் வேறு, நாம் வாங்கிய கேம் வேறு

(வாசகர் கேள்வி – பதில்)

கேள்வி: அண்ணா, ஒரு கேம் வெளிவருவதற்கு முன்பே பத்துக்கு ஒன்பது மார்க் என்று விமர்சனம் வந்துவிடுகிறது. அதை நம்பி முன்பதிவு செய்தால், வாங்கிய பிறகு பாதி நாள் அப்டேட்டிலேயே போகிறது. விமர்சகர்கள் வேறு கேமா விளையாடுகிறார்கள்?
— கல்லூரி மாணவர், திருநெல்வேலி

பதில்: சில சமயம் வேறு கேம்தான் தம்பி, நிஜமாகவே. 2020 டிசம்பர் 10 அன்று சைபர்பங்க் 2077 என்ற கேம் வந்தது. அதைச் செய்த போலந்து நிறுவனம் சிடி ப்ராஜெக்ட் ரெட் விமர்சகர்களுக்கு முன்கூட்டியே கொடுத்தது பிசி (கம்ப்யூட்டர்) பதிப்பை மட்டும்தான், சோனியின் கேம் மெஷினான பிஎஸ்4-க்கான பதிப்பைக் கொடுக்கவே இல்லை. அதோடு, தாங்கள் விளையாடிப் பதிவு செய்த காட்சியை வெளியீட்டுக்கு முன் வீடியோவில் போடக் கூடாது, நிறுவனம் தரும் காட்சியைத்தான் போட வேண்டும் என்று நிபந்தனை வேறு. நல்ல கிராபிக்ஸ் கார்டு போட்ட கம்ப்யூட்டரில் ஓடியதைப் பார்த்து எழுதிய மார்க்கை நம்பி, ஏழு வருஷத்துக்கு முன்னால் வந்த பிஎஸ்4-ஐ வைத்திருந்தவர்களும் பணம் கட்டினார்கள். முன்பதிவு மட்டும் 80 லட்சம்.

பிஎஸ்4-இல் போட்டுப் பார்த்தால் எதிரே வருபவரின் முகம் பிசைந்து வைத்த களிமண் மாதிரி இருக்கும், கண்ணும் மூக்கும் வந்து சேர சில விநாடி ஆகும். காரை வேகமாக ஓட்டினால் படம் திக்கித் திக்கி நகரும், அப்புறம் கேம் தானாக மூடிக்கொள்ளும். ஒரே வாரத்தில் சோனி அதைத் தன் ஆன்லைன் கடையிலிருந்து எடுத்துவிட்டுப் பணத்தைத் திருப்பித் தர முன்வந்தது. 2021 ஜூனில்தான் மறுபடி விற்பனைக்கு வந்தது. அதன்பின் நிறுவனம் வருஷக்கணக்கில் உழைத்து 2023 செப்டம்பரில் 2.0 அப்டேட் கொடுத்தது, இன்று அது அருமையான கேம், மனதாரச் சொல்கிறேன். ஆனால் அந்த 2.0 பிஎஸ்4-க்கு வரவில்லை. முதல் நாளே நம்பிப் பணம் கொடுத்தவருக்குத்தான் கிடைக்காமல் போனது, எனக்கு இன்னும் ஆறாத விஷயம் இது.

தங்களுக்குக் கிடைத்தது பிசி பதிப்பு மட்டும் என்று சில விமர்சகர்கள் அப்போதே எழுதியிருந்தார்கள், அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்த வரியைத் தாண்டி மார்க்கை மட்டும் பார்க்கிற பழக்கம் நமக்கு. எந்த மெஷினில் விளையாடினார்கள் என்பதை முதலில் தேடுங்கள். உங்களிடம் இருக்கிற மெஷின் அதில் இல்லையென்றால் ஒரு வாரம் பொறுங்கள். டிஜிட்டல் கேம் ஸ்டாக் தீர்ந்து போகாது.

கேள்வி: விமர்சகர்கள் காசு வாங்கிக்கொண்டுதான் எழுதுகிறார்களா?
— வாசகர், கோவை

பதில்: கவரில் பணம் கொடுக்கிற கதையை நான் நம்பவில்லை. அழுத்தம் வேறு வழியில் வருகிறது. 2007-இல் கேன் அண்ட் லிஞ்ச் என்ற கேமுக்கு கேம்ஸ்பாட் என்ற விமர்சனத் தளத்தின் ஜெஃப் கெர்ஸ்ட்மன் பத்துக்கு ஆறு கொடுத்தார். அதே தளம் முழுக்க அப்போது அந்த கேமின் விளம்பரம். அந்த நவம்பரிலேயே அவர் வேலை போனது. விளம்பரம் கொடுத்தவர்களின் அதிருப்தியும் நிர்வாகத்தின் அழுத்தமும் பற்றி அவரே 2012-இல் வெளிப்படையாகப் பேசினார். விளம்பரம் தருபவரே விமர்சிக்கப்படுபவராகவும் இருக்கும் தொழிலில் ஒரு ஆறு மார்க் போடுவதற்கே தைரியம் வேண்டியிருக்கிறது.

மார்க் இன்னொரு பக்கமும் வெட்டும். 2010-இல் ஃபால்அவுட்: நியூ வேகஸ் செய்த அப்சிடியன் குழுவுக்கு, விமர்சகர்களின் மார்க்குகளைத் தொகுத்து நூற்றுக்கு இவ்வளவு என்று காட்டும் மெட்டாகிரிட்டிக் தளத்தில் சராசரி 85 வந்தால் போனஸ் என்று ஒப்பந்தம். வந்தது 84. ஒரு மார்க்கில் போனஸ் போய்விட்டது! யாரோ சிலர் அவசரமாகப் போட்ட எண்களின் சராசரி, ராத்திரி பகலாக உழைத்தவர்களின் சம்பளத்தைத் தீர்மானிப்பது எனக்குக் கொஞ்சமும் சம்மதமில்லை.

கேள்வி: டிஸ்க் வாங்கினால் கேம் என்றைக்கும் நம்முடையதுதானே?
— வாசகர், சேலம்

பதில்: இல்லை. யூபிசாஃப்ட் நிறுவனத்தின் தி க்ரூ என்ற கார் பந்தய கேம், 2014-இல் வந்தது. 2024 மார்ச் 31 அன்று சர்வரை நிறுத்தினார்கள். தனியாக விளையாடவும் சர்வர் தேவை என்று கட்டப்பட்ட கேம் என்பதால் டிஸ்க் வைத்திருந்தவர்களுக்கும் அன்றோடு முடிந்தது. அதிலிருந்து பிறந்ததுதான் 'ஸ்டாப் கில்லிங் கேம்ஸ்' (கேம்களைக் கொல்லாதீர்கள்) இயக்கம், ஐரோப்பாவில் பத்து லட்சத்துக்கு மேல் கையெழுத்து சேர்ந்தது. சென்னை ரிச்சி தெருவில் நான் ஒருமுறை வாங்கின கேம் பெட்டிக்குள் டிஸ்க்கே இல்லை, டவுன்லோடு செய்வதற்கான கோட் அச்சடித்த ஒரு துண்டுச் சீட்டு மட்டும். பெட்டியின் பின்பக்கம் கீழே பொடி எழுத்தில் அதைப் போட்டிருந்தார்கள். வாங்குவதற்கு முன் அந்தப் பொடி எழுத்தைப் படியுங்கள்.

கேள்வி: ஆன்லைன் விளையாட்டுக்குத் தடை என்று செய்தி வந்தது. என் மகன் இன்னும் கம்ப்யூட்டரில் விளையாடுகிறான். தப்பா?
— ஒரு தாய், மதுரை

பதில்: தப்பில்லை அம்மா, உங்களைக் குழப்பியது தலைப்புதான். 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம் தடுப்பது பணம் கட்டி, பணம் ஜெயிக்கிற விளையாட்டுகளை. காசு வைத்து ஆடும் ரம்மி அதில் வரும். இ-ஸ்போர்ட்ஸை, அதாவது போட்டியாக நடத்தும் வீடியோ கேம்களை, அதே சட்டம் தனியாக அங்கீகரிக்கிறது. ஆனால் நம் பத்திரிகைகள் ரம்மியில் கடன்பட்டவரின் செய்திக்கும் கேம்பேடு பிடித்த சிறுவனின் படத்தைப் போடுகின்றன. அந்தப் படத்தைப் பார்த்துவிட்டுத்தான் வீட்டில் சண்டை வருகிறது. இன்று சாயங்காலம் அவன் பக்கத்தில் ஒரு அரை மணி நேரம் உட்கார்ந்து, இது என்னப்பா கதை என்று கேளுங்கள். கேமுக்குள் காசு கொடுத்து ஏதாவது வாங்கச் சொல்கிறதா என்பதையும் அப்போதே பார்த்துக்கொள்ளலாம்.