மூலை கேபினட்டில் என்ன போடலாம்? கேள்வி பதில்

கோயம்புத்தூரில் 19 வருஷமாகக் கிச்சன் வேலை செய்கிறேன். ஆசாரிப் பட்டறையில் இழைப்புளி பிடித்துத் தொடங்கி, இப்போது மாடுலர் வேலை மட்டும். மூலையைப் பற்றி வந்த கேள்விகளில் ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

சென்னையில் புது ஃபிளாட், எல் வடிவ கிச்சன். கீழ் மூலைக்கு கரோசல், மேஜிக் கார்னர், லிமான்ஸ் என்று மூன்று பெயர் சொல்கிறார்கள். எதைப் போடுவது சார்?

முதலில் அந்த மூலைக்குள் போகப்போகிற பாத்திரங்களில் பெரியதை எடுத்து டேப் வையுங்கள். இட்லிக் கொப்பரையோ, பிரியாணி அண்டாவோ, காதோடு சேர்த்து எத்தனை அங்குலம் என்று பாருங்கள். எல்லோரும் கேட்டலாக்கில் படம் பார்த்து முடிவு செய்துவிட்டு வருகிறார்கள். கிச்சன் முடிந்த பிறகு கொப்பரை மட்டும் பால்கனியில் உட்கார்ந்திருக்கும்.

கரோசல் என்பது நடுவில் ஒரு கம்பி, அதைச் சுற்றி வரும் வட்டத்தட்டு. முக்கால் வட்டத் தட்டு போட இரண்டு சுவர்ப் பக்கமும் 900 மில்லிமீட்டர், அதாவது ஏறக்குறைய 3 அடி வேண்டும். கதவு நடுவில் மடிகிற கதவாக இருக்க வேண்டும். முழு வட்டமாகவே வைத்துக்கொண்டாலும் சதுரத்துக்குள் வட்டம் போட்டால் 100-க்கு 21 பங்கு ஓரங்களில் வீண். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். தட்டு சுற்றும்போது ஒரு கரண்டியோ மூடியோ பின்பக்கம் விழுந்து சிக்கும் பாருங்கள், அதுதான் தொல்லை. தரையில் படுத்து, டார்ச் அடித்து, இடுக்கி விட்டு எடுக்க வேண்டும்.

மேஜிக் கார்னரில் கதவை இழுத்தால் முன் கூடைகள் வெளியே வந்து ஒதுங்கும், பின் கூடைகள் அந்த இடத்துக்கு நகரும். எல்லாம் கண்ணுக்குத் தெரியும். ஆனால் கம்பிக் கூடைகள் அகலம் குறைவு. மளிகை டப்பா, மிக்ஸி ஜார், எண்ணெய் பாட்டில் வைக்க அருமை. அண்டா நுழையாது.

லிமான்ஸ் தட்டு அவரை விதை மாதிரி வளைந்திருக்கும். மேல் தட்டும் கீழ்த் தட்டும் தனித்தனியாக வெளியே வரும். 450, 500, 600 மில்லிமீட்டர் கதவுகளுக்குக் கிடைக்கிறது, ஒரு தட்டு சுமார் 25 கிலோ தாங்கும். நம் வீட்டுப் பாத்திரங்களுக்கு நான் சிபாரிசு செய்வது இதைத்தான். விலைதான் உறைக்கும். மூலைக்கு இதை வாங்கிவிட்டு சிங்க் அடியில் தண்ணீர் பட்டாலும் தாங்கும் 710 கிரேடு பிளைவுட்டுக்குக் காசில்லை என்று நின்றால், லிமான்ஸை விட்டுவிட்டு பிளைவுட்டை வாங்குங்கள்.

மதுரையில் அப்பா கட்டிய வீடு. கடப்பா கல் மேடை, கீழே கல் தட்டு. மூலைக்குள் கையே எட்டவில்லை. இடிக்காமல் ஏதாவது செய்ய முடியுமா அண்ணா?

மேடையை இடிக்கவே வேண்டாம் தம்பி. கடப்பா கல் தடுப்புகள் செங்கோணத்தில் நிற்காது. முன்னால் 15 அங்குலம் இருந்தால் பின்னால் 14 இருக்கும். அதில் ரெடிமேட் மெக்கானிசம் மாட்டினால் உரசிக்கொண்டே இருக்கும்.

ஒரு கேள்வி: மூலைக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது? சாப்பாட்டு அறையோ, பாத்திரம் தேய்க்கும் இடமோ என்றால், மேஸ்திரியை வைத்து அந்தச் சுவரில் திறப்பு எடுத்து அங்கே கதவு போடுங்கள். 2 அடிக்கு 2 அடி அலமாரி அந்தப் பக்கத்துக்குக் கிடைத்துவிடும். போன வருஷம் ஒரு வீட்டில் இப்படிச் செய்தோம். அந்த வீட்டுப் பாட்டி அதில் பருப்பு டின்னெல்லாம் அடுக்கிவிட்டு, "இத்தனை வருஷம் இது கரப்பான் பூச்சிக்கு வாடகைக்கு விட்ட இடம்" என்றார். சுவரில் திறப்பு எடுப்பதற்கு முன் அது பாரம் தாங்கும் சுவரா, உள்ளே ஒயரோ குழாயோ போகிறதா என்று பார்த்துவிடுங்கள்.

அந்தப் பக்கம் வெளிச்சுவர் என்றால், ஆழமான பிளாஸ்டிக் கிரேட் இரண்டு வாங்கி, பின்னால் இருப்பதற்கு நைலான் கயிறு கட்டி, நுனியை முன்னால் கொக்கியில் மாட்டுங்கள். இழுத்தால் வரும். பார்க்க அழகில்லை, வேலை செய்யும்.

மேஜிக் கார்னர் போட்டு மூன்று வருஷம். இப்போது கூடை தொய்ந்து, மூடும்போது இடிக்கிறது. கம்பெனி மாற்றித் தருமா?

கூடையில் என்ன வைத்திருக்கிறீர்கள் அம்மா? இட்லி அரிசி, துவரம்பருப்பு என்று மாத மளிகை முழுக்க இருக்கும் என்று நினைக்கிறேன். ஒவ்வொரு கூடைக்கும் எத்தனை கிலோ என்று அது வந்த பெட்டியிலேயே போட்டிருக்கும், யாரும் படிப்பதில்லை.

எல்லாவற்றையும் இறக்கிவிட்டுப் பக்கப் பலகையில் ஸ்க்ரூவைப் பாருங்கள். தளர்ந்திருந்தால் இறுக்கி, ஃபிரேமில் இருக்கும் அட்ஜஸ்ட்மென்ட் ஸ்க்ரூவைத் திருப்பினால் நிமிர்ந்துவிடும். ஸ்க்ரூ சும்மா சுற்றினால் பலகை பார்ட்டிக்கிள் போர்டு, அதாவது மரத்தூளை அழுத்திச் செய்தது, ஓட்டை உதிர்ந்து பெரிதாகிவிட்டது. பின்னால் ஒரு பிளைவுட் துண்டு கொடுத்து போல்ட் நட்டு போடச் சொல்லுங்கள். அரிசியைக் கீழ் டிராயருக்கு மாற்றுங்கள். கூடையில் கோளாறு இல்லாதபோது கம்பெனியிடம் போய்ப் பயனில்லை.

மூலை சும்மாதானே கிடக்கிறது, காஸ் சிலிண்டரை அங்கே வைக்கலாமா?

வேண்டாம். காஸ் காற்றைவிடக் கனம். கசிந்தால் கீழே, மூலையில்தான் தேங்கும். அவசரத்துக்கு ரெகுலேட்டரை மூட இருட்டு மூலைக்குள் கைவிட்டுத் தடவிக்கொண்டிருக்க முடியாது. அதோடு 14.2 கிலோ சிலிண்டர் நிறைந்திருந்தால் இரும்போடு சேர்த்து ஏறக்குறைய 30 கிலோ. அதை வளைத்துத் திருப்பி மூலைக்குள் தள்ளுவது யார்? நேராகக் கதவு திறக்கும் கேபினட்டில், கீழே காற்றுத் துளையோடு, ஹோஸ் எட்டும் தூரத்தில் வையுங்கள்.

மேல் மூலைக்கு?

ஆழம் ஒரு அடிதானே. சாதா ஷெல்ஃப், மடிகிற கதவு. சுழல் தட்டெல்லாம் தண்டச்செலவு. முறுக்கு அச்சு, கேக் டின் வையுங்கள். பணியாரக்கல்லை மேலே ஏற்றாதீர்கள், என்றைக்காவது காலில் விழும்.

மூலையை அப்படியே மூடிவிட்டு இரண்டு பக்கமும் டிராயர் போடச் சொல்கிறார் எங்கள் கார்பென்டர். ஏமாற்றுகிறாரோ?

இல்லை, நல்ல ஆள். கிச்சன் பெரிதாக இருந்தால் நானும் அதையே சொல்வேன். குனிந்து தேடும் மூலையைவிட முழுதாக வெளியே வரும் இரண்டு டிராயர் எவ்வளவோ மேல். ஆனால் இரண்டு டிராயரும் ஒன்றோடொன்று முட்டாமல் மூலையில் குறைந்தது 2 அங்குலப் பட்டை விடச் சொல்லுங்கள். கைப்பிடி துருத்திக்கொண்டிருந்தால் 3. மூடுவதற்கு முன் உள்ளே கரையான் மருந்து அடித்து, குழாய் போகும் ஓட்டைகளை அடைத்துவிடுங்கள். பிறகு உள்ளே பார்க்கவே வழி இருக்காது.

மூலைக்கு மெக்கானிசம் ஆர்டர் போடும்போது இடதா வலதா என்று கேட்கிறார்கள். குழப்பமாக இருக்கிறது.

குழப்பமேதான். கதவு இருக்கும் பக்கமா, மூடியிருக்கும் பக்கமா என்று ஆளாளுக்கு ஒன்று சொல்வார்கள். நானே ஒரு பொள்ளாச்சி வீட்டுக்கு ஃபோனில் "இடது" என்று சொல்லி, பிரித்துப் பார்த்தால் மாறி வந்திருந்தது. திருப்பி எடுக்க மாட்டேன் என்றார்கள். அந்த செட் இன்னும் பட்டறைப் பரணில் கிடக்கிறது. மேடைக்கு எதிரே நின்று ஃபோட்டோ எடுங்கள், கதவு வரும் இடத்தில் சாக்பீஸால் பெருக்கல் குறி போட்டு அதையே அனுப்புங்கள்.