சமையலும் கேமராவும் சேர்ந்த இத்தாலிப் பயணம்: முன்பணம் கட்டுமுன் கேளுங்கள்

கேள்வி: இத்தாலியில் பொலோனியா அருகே ஒரு பண்ணை வீட்டில் ஆறு இரவு தங்கி, சமையலும் உணவுப் புகைப்படமும் கற்றுத்தரும் பயிலரங்குக்கு ஆளுக்கு 2,400 யூரோ கேட்கிறார்கள். எல்லாம் அடக்கம் என்கிறார்கள். நியாயமான விலைதானா? (வாசகி, கோயம்புத்தூர்)

பதில்: இரவுகளை எண்ணாதீர்கள், வகுப்பு நடக்கும் மணி நேரத்தை எண்ணுங்கள். வந்து சேரும் நாளும் கிளம்பும் நாளும் போனால் ஐந்து முழு நாள்தான் இருக்கிறது. அதில் ஒரு நாள் ஊர் சுற்ற விட்டால் மிச்சம் நான்கு. நாளுக்கு மூன்று மணி நேரம் சமையல், இரண்டு மணி நேரம் கேமரா என்று வைத்தாலும் மொத்தம் இருபது மணி நேரம். "காலை சந்தை, மாலை சமையல்" என்று பொதுவாக எழுதிய அட்டவணையை ஏற்காதீர்கள். எத்தனை மணிக்குத் தொடங்கும், எப்போது முடியும், யார் நடத்துவார் என்று எழுத்தில் வாங்குங்கள். பிறகு ஒரு சின்னக் கணக்கு: அதே பண்ணை வீட்டில் ஆறு இரவுக்கு வெறும் அறை வாடகை எவ்வளவு, பொலோனியாவில் ஒரு நாள் பாஸ்தா வகுப்பு எவ்வளவு என்று தனித்தனியாக விசாரியுங்கள். வாடகை, சாப்பாடு, நான்கு நாள் சமையல் வகுப்பு மூன்றையும் 2,400-இல் கழித்தால் நிற்பதுதான் புகைப்படப் பாடத்துக்கு நீங்கள் கொடுக்கும் விலை. அந்தத் தொகைக்கு அவர்கள் என்ன தருகிறார்கள் என்று பார்த்தாலே பாதிக் குழப்பம் தீரும்.

ஆள் கணக்கையும் கேளுங்கள். மாவு பிசையப் பத்துப் பேர் ஒரே மேசையைச் சுற்றி நிற்கலாம். நான்கு பர்னர் அடுப்பு ஒன்றுக்குப் பன்னிரண்டு பேர் என்றால் உங்கள் கைக்குக் கரண்டி வராது, வேடிக்கை பார்த்துவிட்டுத்தான் வர வேண்டும். எட்டுப் பேர் வரை நல்லது. அதற்கு மேல் சேர்ப்பவர்களிடம் உதவியாளர் உண்டா என்று கேளுங்கள்.

இந்த வகைப் பயணங்களில் பெரும்பாலும் கோட்டைவிடும் இடம் இன்னொன்று. சமையலும் புகைப்படமும் ஒரே நேரத்தில் உங்கள் இரண்டு கையையும் கேட்கும். மாவு பதமாக விரியும் அந்த நிமிடம்தான் படம், ஆனால் விரல் முழுக்க மாவு. நன்றாக நடத்துகிறவர்கள் குழுவை இரண்டாகப் பிரித்து, பாதிப் பேர் சமைக்கும்போது பாதிப் பேரைப் படமெடுக்க வைத்து, பிறகு மாற்றிவிடுவார்கள். இரண்டுக்கும் தனித்தனி ஆசிரியர் இருப்பார். ஒருவரே இரண்டையும் எடுக்கிறார் என்றால், அடுப்பு அவசரத்தில் அடிபடுவது கேமராப் பாடம்தான்.

வெளிச்சம் எப்போது இருக்கும் என்றும் பாருங்கள். பொலோனியாவில் ஜூன் கடைசியில் இரவு 9 மணி வரை வெளிச்சம் இருக்கும். நவம்பர் நடுவில் 5 மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். நவம்பரில் மாலை ஆறு மணிக்குச் சமையல் வகுப்பு வைத்தால், மஞ்சள் பல்பின் கீழ்தான் எடுக்க முடியும். அந்தி நேரத்தில் ஜன்னலின் நீல வெளிச்சமும் பல்பின் மஞ்சளும் கலந்துவிட்டால், ஒன்றைத் திருத்தும்போது மற்றது கெடும். அதே உணவு காலை பத்து மணிக்கு, பக்கவாட்டு ஜன்னல் வெளிச்சத்தில், எதிர்ப்புறம் ஒரு வெள்ளை அட்டை நிறுத்தினாலே நன்றாக விழும். வெயில் கடுமையாக இருந்தால் ஜன்னலில் மெல்லிய வெள்ளை வேட்டி கட்டுங்கள், நிழல் மென்மையாகும். தட்டுக்கு வந்த பாஸ்தா இரண்டு மூன்று நிமிடத்தில் பளபளப்பு இழந்து ஒட்டிக்கொள்ளும். காலித் தட்டை வைத்து வெளிச்சம், கோணம், ஃபோகஸ் எல்லாம் சரி பார்த்த பிறகே பாஸ்தாவை வடிக்க வேண்டும். இப்படித்தான் வகுப்பு நடக்குமா என்று கேட்டுப் பாருங்கள். பதிலிலேயே ஆசிரியரின் தரம் தெரிந்துவிடும்.

"எல்லாம் அடக்கம்" என்பதில் பெரும்பாலும் சேராதவை: விமானக் கட்டணம், ரயில் நிலையத்திலிருந்து பண்ணைக்கு வண்டி, தனி அறைக்கான கூடுதல் தொகை, ஓய்வு நாளின் மதியச் சாப்பாடு, தங்குமிடத்தில் ஆளுக்கு ஓர் இரவுக்கு இவ்வளவு என்று வாங்கும் உள்ளூர் வரி. ஒவ்வொன்றுக்கும் உண்டு, இல்லை என்று எழுதி வாங்குங்கள்.

கேள்வி: நான் சுத்த சைவம், முட்டையும் கிடையாது. "சைவம் ஏற்பாடு செய்வோம்" என்கிறார்கள். நம்பலாமா? (வாசகர், மதுரை)

பதில்: ஊரைப் பொறுத்தது. பொலோனியாவின் கைப்பாஸ்தா என்றாலே 100 கிராம் மாவுக்கு ஒரு முட்டை. தோர்த்தெல்லீனி என்ற சின்ன மடிப்புப் பாஸ்தாவின் பூரணத்தில் பன்றி இறைச்சி இருக்கும், அது மிதப்பது இறைச்சிச் சாற்றில். அந்தப் பக்கத்து பியாதீனா ரொட்டியிலும் பன்றிக் கொழுப்பு சேர்ப்பது வழக்கம். அங்கே போய் முட்டை இல்லாமல் சமைக்கக் கேட்டால், வகுப்பின் உயிரான பாடத்தை விட்டுவிட்டு ஓரமாக ஒரு சாலட் செய்துகொண்டிருப்பீர்கள்.

உங்களுக்குத் தெற்கே புல்யா மாநிலம் பொருந்தும். அங்கே ஒரெக்கியெத்தே என்ற காது வடிவப் பாஸ்தாவுக்கு துரம் கோதுமையின் நைஸ் ரவையும் வெந்நீரும் போதும். 100 கிராமுக்கு ஏறக்குறைய 50 மில்லி. பத்து நிமிடம் அழுத்திப் பிசைந்து, மூடி அரை மணி நேரம் ஊறவிட வேண்டும். ஊறாத மாவை விரலால் இழுத்தால் ஓரம் கிழியும், மரப் பலகை இல்லாமல் வழுவழுப்பான கல்லில் தேய்த்தால் சொரசொரப்பு வராது, சாறும் ஒட்டாது. பாரி நகரின் பழைய பகுதியில் ஆர்கோ பாஸ்ஸோ தெருவில் பெண்கள் வாசலில் மேசை போட்டு இதைச் செய்து விற்கிறார்கள், கேமராவுக்கும் அருமையான இடம். எடுக்குமுன் "போஸ்ஸோ ஃபொத்தோகிராஃபாரே?" என்று அனுமதி கேளுங்கள், ஒரு பொட்டலம் வாங்குங்கள். காய்ந்த மொச்சை வகைப் பருப்பை மசித்து, கசப்புக் கீரையோடு பரிமாறும் ஃபாவே எ சிக்கோரியா முழுச் சைவம். ஆனால் ஒரெக்கியெத்தேயோடு வரும் கீரையில் உப்பிட்ட நெத்திலி வகை மீனைக் கரைத்துவிடுவார்கள், கண்ணுக்குத் தெரியாது.

பாலாடைக்கட்டியிலும் கவனம். பர்மிஜானோ ரெஜ்ஜானோவைக் கன்றின் வயிற்றிலிருந்து எடுக்கும் ரென்னெட் கொண்டே உறைய வைக்க வேண்டும் என்பது அதன் விதி. பெக்கொரீனோ ரொமானோவில் ஆட்டுக்குட்டியுடையது. இத்தாலியர் பலர் இவற்றைச் சைவமாகவே நினைத்துப் பரிமாறுவார்கள். ஆகவே "சைவம்" என்ற சொல்லோடு நிறுத்தாமல் இறைச்சி, மீன், முட்டை, பன்றிக் கொழுப்பு, இறைச்சிச் சாறு, விலங்கு ரென்னெட் வேண்டாம் என்று பெயர் பெயராக எழுதி, ஒவ்வொரு நாளும் என்ன சமைப்பீர்கள் என்று பட்டியல் கேளுங்கள். துணைக்கு நெய், பால்பேடா, கறிவேப்பிலை எடுத்துப் போகாதீர்கள். பயணிகள் வெளியிலிருந்து பால் பொருள் கொண்டுவர ஐரோப்பிய ஒன்றியம் தடை விதித்திருக்கிறது, பச்சை இலைக்குத் தாவர நலச் சான்றிதழ் வேண்டும். பருப்புப் பொடியும் புளியோதரைப் பொடியும் போதும்.

கேள்வி: 30 சதவீதம் முன்பணம் இப்போதே கட்டச் சொல்கிறார்கள். விசா மறுத்துவிட்டால் பணம் திரும்புமா? வங்கி வழியாக அனுப்பினால் தள்ளுபடி தருகிறார்களாம். (வாசகி, சென்னை)

பதில்: விசா மறுப்பு உங்கள் பக்கத்துக் காரணமாகவே கருதப்படும், தானாகப் பணம் திரும்பாது. "விசா மறுப்புக் கடிதம் காட்டினால் இவ்வளவு பிடித்துக்கொண்டு மீதியைத் தருவோம்" என்ற வரியை ஒப்பந்தத்தில் சேர்க்கச் சொல்லுங்கள். சேர்க்க மறுத்தால் முழுப் பணம் கட்டும் கடைசித் தேதி விசா கையில் கிடைத்த பிறகு வருமாறு பாருங்கள். இத்தாலி உள்ளிட்ட பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசாவுக்குப் பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம், 15 நாளுக்குக் குறையக் கூடாது. முடிவுக்கு வழக்கமாக 15 நாள், சில சமயம் 45 வரை இழுக்கும். பெரியவர்களுக்கு 90 யூரோ கட்டணம், மறுத்தாலும் திரும்பாது. 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு கட்டாயம். அந்தக் காப்பீடு பயண ரத்துக்குப் பணம் தராது. ரத்துக் காப்பீடு தனியாக எடுத்தாலும் விசா மறுப்பு என்று பாலிசியில் எழுதியிருந்தால்தான் பயன்.

தங்குமிடமும் வகுப்பும் சேர்த்து ஒரே விலைக்கு விற்றால், அது ஐரோப்பிய ஒன்றியத்தின் தொகுப்புப் பயணச் சட்டத்துக்குள் வரும். 2018 ஜூலையிலிருந்து நடைமுறையில் இருக்கும் இச்சட்டப்படி, விலையை 8 சதவீதத்துக்கு மேல் உயர்த்தினால் நீங்கள் கட்டணமின்றி விலகலாம். கடைசி 20 நாளில் உயர்த்தவே கூடாது. ஏழு நாள் முன்னதாகச் சொல்லி உங்கள் இடத்தை இன்னொருவருக்கு மாற்றித் தரலாம். நடத்துபவர் திவாலானால் கிடைக்கும் பாதுகாப்பு நீங்கள் எந்த நாட்டில் வசித்தாலும் உண்டு, அதைத் தரும் நிறுவனத்தின் பெயரைக் கேட்டு வாங்குங்கள். "வகுப்புக்கு என்னிடம், அறைக்குப் பண்ணையிடம் தனித்தனியாகக் கட்டுங்கள்" என்றால் உஷார், இந்தப் பாதுகாப்பு கைநழுவக்கூடும்.

வங்கித் தள்ளுபடியை விட்டுவிடுங்கள். தனிநபர் கணக்குக்குப் போன பணத்தைத் திரும்பப் பிடிப்பது மிகக் கடினம். கிரெடிட் கார்டில் கட்டினால், சேவை கிடைக்காதபோது வங்கியிடம் சார்ஜ்பேக், அதாவது கட்டிய பணத்தைத் திரும்பப் பெறும் வசதி, கோரலாம். அதற்குக் கால வரம்பு உண்டு, தாமதிக்காதீர்கள். கார்டில் வெளிநாட்டுப் பயன்பாட்டை முதலில் இயக்கி வையுங்கள். ரூபாயிலா யூரோவிலா என்று திரை கேட்டால் யூரோவையே தேர்ந்தெடுங்கள், ரூபாய் விலையில் அவர்களது மாற்று லாபம் ஏறியிருக்கும். இந்திய ஏஜென்ட் வழியாகப் போனால் அவர் விற்கும்போதே பிடிக்கும் டி.சி.எஸ் வரி உங்கள் பான் எண்ணில் வரவாகும், வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம். அவரோடு தகராறு என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழையுங்கள். நீங்கள் வசிக்கும் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம், நீங்கள் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் வழக்குக் கட்டணம் இல்லை.

கேள்வி: கேமரா, லென்ஸ், பவர் பேங்க் எடுத்துப் போவதில் சிக்கல் வருமா? (வாசகர், திருச்சி)

பதில்: உதிரி பேட்டரிகளும் பவர் பேங்கும் கைப்பையில்தான், செக்-இன் பெட்டியில் கூடாது. 100 வாட் மணி வரை முன் அனுமதி தேவையில்லை. வோல்ட்டை ஆம்பியர் மணியால் பெருக்கினால் வாட் மணி: 20,000 மில்லி ஆம்பியர் மணி பவர் பேங்க், 3.7 வோல்ட் என்றால் 74. பேட்டரி முனைகளில் டேப் ஒட்டுங்கள். சாவியோ நாணயமோ உரசினால் ஷார்ட் ஆகும்.

விலையுயர்ந்த கேமராவுக்குப் புறப்படும்போதே விமான நிலையச் சுங்கத்தில் சீரியல் எண்ணோடு ஏற்றுமதிச் சான்றிதழ் வாங்குங்கள். திரும்பும்போது "அங்கே வாங்கியதா?" என்ற கேள்விக்கு அதுவே பதில். செக்-இன் கவுண்டரில் பெட்டியைக் கொடுத்த பிறகு கேமராவைக் காட்ட முடியாது, கையில் வைத்திருங்கள். இத்தாலியில் 230 வோல்ட்தான். மெல்லிய இரண்டு பின் சார்ஜர் நேராகப் பொருந்தும், நம் தடித்த மூன்று பின்னுக்கு அடாப்டர் வேண்டும். லென்ஸ் இரண்டு போதும்: 50 மில்லிமீட்டர் ஒன்று, மிக நெருக்கத்தில் எடுக்க மாக்ரோ ஒன்று. மாவு பறக்கும் சமையலறையில் லென்ஸ் மாற்றாதீர்கள், சென்சாரில் படிந்த மாவுத் தூள் பயணம் முழுக்க ஒவ்வொரு படத்திலும் புள்ளியாக வரும்.