ராபர்ட் டோனட்: அடுத்து எந்தப் படம் பார்க்கலாம்?

கேள்வி: ஹிட்ச்காக்கின் 'தி 39 ஸ்டெப்ஸ்' பார்த்தேன். நாயகன் ராபர்ட் டோனட்டை ரொம்பவே பிடித்துவிட்டது. அவருடைய மற்ற படங்களை எந்த வரிசையில் பார்ப்பது? ஆஸ்கர் வாங்கிய படத்தை அடுத்துப் பார்த்துவிடலாமா?

பதில்: அதைக் கடைசிக்கு வையுங்கள். முதலில், பார்த்த படத்திலேயே ஒரு காட்சியைத் திரும்பப் போட்டுப் பாருங்கள். தப்பி ஓடும் நாயகனைத் தேர்தல் பேச்சாளர் என்று நினைத்து மேடையேற்றிவிடுவார்களே, அந்தக் காட்சி. தடுமாறித் தொடங்கும் குரல், கூட்டம் கைதட்டக் கைதட்ட எப்படி ஏறுகிறது! 1905இல் மான்செஸ்டரில் பிறந்த டோனட்டுக்குச் சிறுவயதில் திக்குவாய். அதைச் சரிசெய்யப் போன பேச்சுப் பயிற்சிதான் அவரை நாடகத்துக்குக் கொண்டுவந்தது. 16 வயதில் மேடையேறியவர், ஃபிராங்க் பென்சன் குழுவோடு ஊர் ஊராகச் சுற்றி ஷேக்ஸ்பியர் நடித்தவர். அந்த நாடகங்களை இனி யாரும் பார்க்க முடியாது. அந்தப் பயிற்சியின் தடம் இந்தக் காட்சியில் இருக்கிறது.

அடுத்து 'தி கோஸ்ட் கோஸ் வெஸ்ட்' (1935). பேயும் அவரே, வாரிசும் அவரே. இரட்டை வேடம், நல்ல நகைச்சுவை. பிறகு 'தி சிட்டாடெல்' (1938). சுரங்கத் தொழிலாளி வீட்டில், செத்துப் பிறந்ததாக நினைத்த குழந்தையை இளம் டாக்டர் போராடிப் பிழைக்கவைப்பார். வசனம் குறைவு, முகமும் கையும்தான் பேசும். மேடைக்காரர் கேமராவுக்கு முழுசாகப் பழகிவிட்டார் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

இவற்றுக்குப் பிறகு 'குட்பை மிஸ்டர் சிப்ஸ்' (1939) பார்த்தால்தான் அவர் செய்தது புரியும். இளம் ஆசிரியராக வந்து எண்பதைத் தாண்டிய கிழவராகிறார். படம் வெளியானபோது அவருக்கு வயது 34. ஒப்பனையைவிட நடையும் குரலும்தான் அதிகம் வயதாகின்றன. 'கான் வித் த விண்ட்' நாயகன் கிளார்க் கேபிளைத் தாண்டி ஆஸ்கர் வாங்கியது சும்மா இல்லை.

படங்கள் ஏன் இவ்வளவு குறைவு என்று கேட்பீர்கள். ஆஸ்துமா. 'நைட் வித்தவுட் ஆர்மர்' (1937) படப்பிடிப்பில் அவர் படுத்துவிட, வேறு ஆளைப் போடவிடாமல் படத்தின் நாயகி மார்லீன் டீட்ரிச் காத்திருந்தார். ஹாலிவுட்டும் அவருக்கு ஒத்துவரவில்லை. அங்கே நடித்தது 'தி கவுன்ட் ஆஃப் மான்டி கிறிஸ்டோ' (1934) ஒன்றுதான். அது நேரமிருந்தால் பார்க்கலாம். 'நைட் வித்தவுட் ஆர்மர்' டீட்ரிச்சுக்காகப் பார்க்க வேண்டிய படம், உங்கள் பட்டியலில் அவசரமில்லை.