நாலு சக்கரமும் இழுக்கும், நிறுத்துவது டயர்

கிருஷ்ணகிரியில் டயர், வீல் அலைன்மென்ட் வேலை பார்த்துக்கொண்டே கார் ஓட்டவும் சொல்லிக்கொடுக்கிறேன். பத்து வருடத்துக்கு முன், நாலு சக்கரமும் இழுக்கிற ஆல் வீல் டிரைவ் வண்டி மாதத்துக்கு ஒன்று பட்டறைக்கு வந்தால் அதிகம். இப்போது ஓசூர்ப் பக்கமிருந்து வாரத்துக்கு மூன்று நான்கு வருகின்றன. மழை பிடித்ததும் கேள்விகளும் வந்துவிட்டன. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

ஓசூரிலிருந்து சேலத்துக்கு வாரம் ஒருமுறை போய்வருகிறேன். ஆல் வீல் டிரைவ் எஸ்.யு.வி., நல்ல பவர் உள்ள வண்டி. போன வாரம் மழையில் தொப்பூர் கணவாய் இறக்கத்தில் ஸ்டீயரிங்கைத் திருப்பியும் வண்டி நேராகவே போகப் பார்த்தது. அதுவரை ஒரு சக்கரம்கூட வழுக்கவில்லை சார். நாலு சக்கரமும் பிடிக்கும் என்றுதானே இதை வாங்கினேன்?

"அதுவரை ஒரு சக்கரம்கூட வழுக்கவில்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். சிக்கலே அங்கேதான்.

முன் சக்கரம் மட்டும் இழுக்கிற சாதாரணக் காரை ஈர ரோட்டில் அழுத்தி மிதித்தால் சக்கரம் சரக்கென்று சுற்றும். ஸ்டீயரிங் கையில் துடிக்கும். ரோடு வழுக்குகிறது என்று அப்போதே தெரிந்துவிடும். உங்கள் வண்டி அதே பவரை நாலு டயருக்கும் பிரித்துக் கொடுக்கிறது. எந்த டயருக்கும் தாங்க முடியாத சுமை வராததால் சத்தமில்லாமல் பாய்கிறது. காய்ந்த ரோட்டில் போவது போலவே இருக்கும். வண்டி கிளம்புவதற்கு இது பெரிய உதவி. ஆனால் பிரேக் எல்லாக் காரிலும் நாலு சக்கரத்துக்கும்தான் இருக்கிறது. வளைவில் வண்டியை உள்ளே பிடித்து வைப்பதும் எல்லாக் காரிலும் டயர்தான். நிற்பதிலும் திரும்புவதிலும் ஆல் வீல் டிரைவ் உங்களுக்கு எதையும் கூட்டித் தருவதில்லை. கூடுதல் ஷாஃப்ட், டிஃபரன்ஷியல் என்று எடைதான் கூடியிருக்கிறது.

ஒவ்வொரு டயரும் ரோட்டைத் தொடுகிற இடம் ஏறக்குறைய உள்ளங்கை அளவு. நாலு உள்ளங்கைதான் இரண்டு டன் வண்டியைப் பிடித்திருக்கிறது. கணக்கையும் பாருங்கள். டயர் நன்றாக இருந்தாலும் ஈர ரோட்டில் 80-ல் போகும் வண்டி பிரேக் பிடித்தபின் நிற்க சுமார் 55 மீட்டர் வேண்டும். 100-ல் போனால் சுமார் 85 மீட்டர். கண் பார்த்து கால் பிரேக்குக்குப் போவதற்கு ஒன்றரை நொடி என்று வைத்தால் 80-ல் 33 மீட்டரும் 100-ல் 42 மீட்டரும் அதோடு சேரும். இரண்டுக்கும் நடுவே வித்தியாசம் ஏறக்குறைய 40 மீட்டர். மூன்று நாற்பதடி கன்டெய்னர் பெட்டியை வரிசையாக வைத்த நீளத்துக்கும் கொஞ்சம் மேல். இது சமதள ரோட்டுக் கணக்கு. தருமபுரியிலிருந்து சேலம் பக்கம் இறங்கும்போது இன்னும் கூடும்.

எனக்கும் அங்கே நடந்திருக்கிறது. ஒரு வாடிக்கையாளரின் ஆல் வீல் டிரைவ் செடானை வேலை முடித்துச் சேலத்தில் விடப் போனேன். ஜூன் மாதம், சாயங்காலம். பதினைந்து நாள் வெயிலுக்குப் பின் விழுந்த முதல் மழை. ரெட்டைப்பாலத்துக்கு முன்னால் ஒரு லாரியின் பிரேக் லைட் எரிந்தது. நான் மிதித்தேன். பெடல் காலுக்கடியில் கடகடவென்று அதிர்ந்தது, வேகம் மட்டும் குறையவில்லை. லாரியின் பின் கதவில் கட்டியிருந்த கயிற்றின் முடிச்சு தெரிகிற தூரத்தில் வண்டி நின்றது. ரோட்டில் அப்போது தண்ணீர் ஓடவில்லை, வெறும் ஈரம்தான். ஆனால் பதினைந்து நாள் டீசலும் ஆயிலும் டயர்த் தூளும் அந்த ஈரத்தில் கரைந்து சோப்பு போலப் படிந்திருந்தது. கொட்டுகிற மழையைவிட முதல் அரை மணி நேரத் தூறலுக்குத்தான் இன்றைக்கும் அதிகம் பயப்படுகிறேன்.

உங்களுக்குச் சொல்வது இது. வேகத்தை வளைவுக்கு முன்னால், வண்டி நேராக இருக்கும்போதே குறைத்துவிடுங்கள். கணவாய் தொடங்குமுன் ஆட்டோமேட்டிக்கை மேனுவல் மோடுக்கு மாற்றி இரண்டு கியர் இறக்குங்கள், ஒவ்வொன்றாக, மெதுவாக. நியூட்ரல் வேண்டவே வேண்டாம். க்ரூஸ் கண்ட்ரோல் போட்டிருந்தால் அணைத்துவிடுங்கள். திருப்பியும் வண்டி நேராகப் போனால் ஸ்டீயரிங்கை இன்னும் வளைக்கத்தான் கை துடிக்கும். வளைக்காதீர்கள். ஆக்சிலரேட்டரை மெல்ல விட்டு, ஸ்டீயரிங்கைக் கொஞ்சம் திரும்பக் கொண்டுவந்து, டயர் பிடிக்கிற நொடிக்குக் காத்திருங்கள். பிடித்ததும் வண்டி தானாகத் திரும்பும். லாரி வேகமும் அந்த இறக்கத்தில் பெரிய கேள்வி. பிரேக் சூடாகி வரும் லாரிக்கு முன்னால் திடீரென்று நிற்க நேராதபடி உங்கள் இடைவெளியை வைத்துக்கொள்ளுங்கள். கண்ணாடியைப் பார்க்காமல் அந்தக் கணவாயில் பிரேக் மிதிக்காதீர்கள்.

மழைக்காலத்தில் டயரில் காற்றைக் குறைத்தால் பிடிப்பு கூடும் என்கிறார்களே? (காவேரிப்பட்டணம்)

சேற்றிலும் மணலிலும் அது சரி. தார் ரோட்டில் நேர் எதிர். வேகமாகப் போகும்போது டயருக்கு அடியில் இருக்கும் தண்ணீரை அது பிதுக்கி வெளியே தள்ள வேண்டும். தள்ள முடியாத வேகம் வந்துவிட்டால் டயர் தண்ணீரின் மேல் ஏறி மிதக்கும். அப்போது ஸ்டீயரிங் காற்றில் சுற்றுவது போல லேசாகிவிடும், பிரேக்குக்கும் வேலை இல்லை. 1960-களில் நாசா ஆராய்ச்சியாளர்கள் விமான டயர்களை வைத்து இதற்கு ஒரு சூத்திரம் கண்டார்கள். அதன்படி 33 பி.எஸ்.ஐ. காற்று இருந்தால் சுமார் 96 கி.மீ. வேகத்தில் மிதக்கத் தொடங்கும். 25 பி.எஸ்.ஐ. என்றால் 83-லேயே. பட்டன் (டயர் மேலிருக்கும் வரி வெட்டு) தேய்ந்த அகலமான கார் டயரில் அதற்கும் கீழேயே மிதக்கலாம். கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் போட்ட அளவை, காலையில் டயர் சூடாகுமுன், அப்படியே வையுங்கள். வண்டி மிதப்பது தெரிந்தால் ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்து ஆக்சிலரேட்டரை விடுங்கள். பிரேக்கை அறைய வேண்டாம்.

தருமபுரியில் ஒரு டயர் கடையில் "முன்னாடி ரெண்டு மட்டும் மாத்துங்க, பின்னாடி இன்னும் ஓடும்" என்றார்கள். என்னுடையது ஆல் வீல் டிரைவ். மாற்றலாமா அண்ணா?

சாதாரணக் கார் என்றால் இரண்டு மாற்றலாம், ஆனால் புதுசைப் பின்னால் போட வேண்டும். முன்னால் பிடிப்பும் பின்னால் வழுக்கையும் இருந்தால் ஈர வளைவில் பின்பக்கம் வீசும். ஓட்டுபவர் பலராலும் அதைத் திருப்பிப் பிடிக்க முடியாது.

உங்களுடையது ஆல் வீல் டிரைவ் என்பதால் நாலும் ஒன்றாக மாற்றுவதுதான் நல்லது. புது டயரில் பட்டன் ஆழம் 8 மி.மீ., பழையதில் 3 மி.மீ. என்று வைப்போம். ஆரத்தில் 5 மி.மீ. வித்தியாசம். கேட்க ஒன்றுமில்லாதது போல இருக்கும். 350 மி.மீ. ஆரமுள்ள சக்கரத்தில் அது கிட்டத்தட்ட 1.4 சதவீதம். 100 கி.மீ. ஓடினால் பின்சக்கரம் முன்சக்கரத்தைவிட 1.4 கி.மீ. அதிகம் சுற்றியிருக்கும். நடுவில் பவரைப் பிரிக்கிற கிளட்ச்சும் கியர்களும் அந்த வித்தியாசத்தை ஓயாமல் தின்றுகொண்டே இருக்கும். அந்தப் பாகம் போனால் வரும் பில் நாலு டயர் விலையைவிடப் பெரியது. எவ்வளவு வித்தியாசம் வரை தாங்கும் என்பது வண்டிக்கு வண்டி மாறும், மேனுவலில் போட்டிருப்பார்கள். பத்தாயிரம் கி.மீ.க்கு ஒருமுறை டயரை இடம் மாற்றிப் போட்டால் நாலும் ஒன்றாகவே தேயும்.

சட்டப்படி காருக்குக் குறைந்தது 1.6 மி.மீ. பட்டன் வேண்டும். டயரின் பள்ளத்துக்குள் குறுக்கே சின்ன மேடு இருக்கும், பட்டன் அதன் மட்டத்துக்கு வந்தால் 1.6 தொட்டாயிற்று. மழைக்கு அது போதாது. 3 மி.மீ. வந்ததும் நான் மாற்றச் சொல்லிவிடுவேன். தேதியையும் பாருங்கள். பக்கவாட்டில் நாலு எண் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் வருடம் 23-ஆம் வாரம் செய்தது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் வெளியே எடுக்கிற பெரிய கார்களில்தான் இந்தத் தொல்லையை அதிகம் பார்க்கிறேன். பட்டன் புதுசு போல இருக்கும், நகத்தால் அழுத்தினால் பழைய செருப்பு போலக் கெட்டியாக இருக்கும். ஈரத்தில் அந்த ரப்பர் பிடிக்காது.

மழையில் டேஷ்போர்டில் வண்டி வழுக்குகிற மாதிரி ஒரு விளக்கு மின்னுகிறது. ஸ்போர்ட் மோடில் அடிக்கடி வருகிறது. அணைத்து வைக்கலாமா?

கூடாது. அது பழுது விளக்கு இல்லை. டயர் பிடிப்பை இழந்ததும் கம்ப்யூட்டர் பவரைக் குறைத்து, தேவையான சக்கரத்தில் மட்டும் பிரேக் பிடித்து உங்களைக் காப்பாற்றுகிறது என்று பொருள். மின்னாமல் நிலையாக எரிந்தால்தான் பட்டறைக்கு வர வேண்டும். ஒருமுறை மின்னினாலே அந்த ரோட்டுக்கு உங்கள் வேகம் அதிகம். ஸ்போர்ட் மோடை விட்டு மழை மோடோ சாதாரண மோடோ போடுங்கள்.

என்னிடம் மஹிந்திரா தார் ஜீப் இருக்கிறது. மழையில் ஹைவேயில் 4ஹெச்சில் ஓட்டினால் பாதுகாப்புதானே? (ராயக்கோட்டை)

இல்லை தம்பி. தாரிலும் ஜிம்னியிலும் இருப்பது பார்ட் டைம் ஃபோர் பை ஃபோர். 4ஹெச் போட்டதும் முன் அச்சும் பின் அச்சும் ஒரே வேகத்தில் பூட்டிக்கொள்ளும். வளைவில் முன் சக்கரங்கள் அதிக தூரம் ஓட வேண்டும், பூட்டு விடாது. மண்ணில் சக்கரம் கொஞ்சம் சறுக்கி அதைச் சரிக்கட்டிக்கொள்ளும். தார் ரோட்டில் அந்த இறுக்கம் கியர்பாக்ஸுக்குள் ஏறும், இல்லையென்றால் ஈர வளைவில் மூக்கை வெளியே தள்ளும். உங்கள் தோட்டத்து மண் பாதைக்கு 4ஹெச், ராயக்கோட்டை ரோட்டுக்குப் பின் சக்கரம் மட்டும் இழுக்கிற 2ஹெச். பெரிய பட்டன் உள்ள ஆல் டெரெய்ன் டயர் போட்டிருந்தால் ஈரத் தார் ரோட்டில் நிற்கும் தூரம் கூடும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

தரைப்பாலத்தில் தண்ணீர் போகிறது. என் வண்டிக்கு 650 மி.மீ. வரை இறங்கலாம் என்று கம்பெனி சொல்கிறது. முழங்கால் தண்ணீர்தானே? (ஊத்தங்கரை)

ஊத்தங்கரைக்காரர் இதைக் கேட்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழை உங்கள் ஊரில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் கொட்டியது. ஓரமாக நிறுத்தியிருந்த வேன்களும் கார்களும் ஏரித் தண்ணீரில் உருண்டு போனதை நாமெல்லாம் பார்த்தோம்.

கம்பெனி சொல்லும் அளவு நிற்கிற தண்ணீருக்கு. ஓடுகிற தண்ணீர் வேறு. 30 சென்டிமீட்டர் ஓட்டமே சின்னக் காரைத் தூக்கும், 60 சென்டிமீட்டர் எஸ்.யு.வி.யையும் அடித்துப் போகும். உள்ளே காற்று அடைத்த தகரப் பெட்டிதானே கார், மிதக்கத்தான் செய்யும். மிதக்கும் வண்டிக்கு நாலு சக்கரம் சுற்றினால் என்ன, ஒன்று சுற்றினால் என்ன? பாலத்தின் நடுவில் தார் அரித்துப்போயிருந்தாலும் கலங்கல் தண்ணீரில் தெரியாது. திரும்பிப் போய்விடுங்கள், எவ்வளவு சுற்றாக இருந்தாலும்.

நிற்கிற தண்ணீரில் இறங்கி எஞ்சின் நின்றுபோனால் சாவியை மறுபடி திருப்பவே கூடாது. சிலிண்டருக்குள் போன தண்ணீர் அமுங்காது, கனெக்டிங் ராட் வளைந்துவிடும். சாதாரண இன்ஷூரன்ஸில் இது பெரும்பாலும் வராது, எஞ்சின் பாதுகாப்பு என்று தனியாகச் சேர்த்திருக்க வேண்டும். சுகமாகத் தாண்டி வந்தாலும் டிஃபரன்ஷியல் ஆயிலைப் பார்க்கச் சொல்லுங்கள். ஆயில் பால் டீ நிறத்தில் இறங்கினால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது.

இரட்டை மோட்டார் மின்சாரக் கார். மழையில் காலை எடுத்தாலே வண்டி இழுத்துப் பிடிக்கிறது.

அந்த இழுப்பும் பிரேக்தான், வண்டியின் ஓட்டத்தை மோட்டார் மின்சாரமாக்கிப் பேட்டரியில் ஏற்றுகிறது. ஈரத்தில் ஒரு படி குறைத்து வையுங்கள், காலைச் சட்டென்று எடுக்காதீர்கள். இன்னொன்று: தருமபுரியில் 100 சதவீதம் சார்ஜ் ஏற்றிக்கொண்டு உடனே தொப்பூர் இறங்கினால் பேட்டரியில் இடம் இருக்காது, பழகிய அந்த இழுப்பு வராது. 85, 90-லேயே கழற்றிவிட்டுக் கிளம்புங்கள்.

மழையில் ஓடும்போது நாலு இண்டிகேட்டரையும் போடலாமா?

வேண்டாம். நீங்கள் லேன் மாறுவது பின்னால் வருபவருக்குத் தெரியாமல் போகும். லோ பீம் போடுங்கள். நின்றுவிட்டால் மட்டும் ஹசார்ட்.

என் மகனுக்கு 22 வயது. அவன் அப்பா பவரான ஆல் வீல் டிரைவ் கார் வாங்கிக் கொடுத்துவிட்டார். "இது வழுக்காதும்மா" என்கிறான். நான் சொன்னால் கேட்க மாட்டான். எப்படிப் புரியவைப்பது? (பாலக்கோடு)

சொல்லிப் புரியவைக்க முடியாதம்மா, செய்துதான் பார்க்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் மாங்கூழ் ஆலைகளில் வேலை ஓய்ந்திருக்கும், லாரி நிற்கும் பெரிய முற்றம் காலியாகக் கிடக்கும். தெரிந்தவர் யாராவது இருந்தால் அனுமதி கேளுங்கள். மழை பெய்து நின்ற நாளாகப் பார்த்துப் போங்கள், ஆள் நடமாட்டம் இருக்கக் கூடாது, எல்லோரும் பெல்ட் போட்டிருக்க வேண்டும். ஒரு இடத்தில் கோடு போட்டு, 30-ல் வந்து கோட்டைத் தொட்டதும் முழு பலத்தோடு பிரேக் மிதிக்கச் சொல்லுங்கள். பெடல் அதிரும். பயந்து காலை எடுப்பான், பெரும்பாலும் எல்லோரும் எடுப்பார்கள். சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பார்க்கிற ஏ.பி.எஸ். வேலை செய்வது அப்படித்தான், விடாமல் மிதிக்க வேண்டும் என்று மறுபடி செய்யச் சொல்லுங்கள். நின்ற இடத்தில் ஒரு கல்லை வையுங்கள். கோட்டிலிருந்து எட்டு மீட்டர் பக்கம் இருக்கும்.

இடம் தாராளமாக இருந்தால் மட்டும், அடுத்து 50-ல். அந்த இரண்டாவது கல்லை நீங்கள் வைக்க வேண்டாம். கோட்டிலிருந்து எத்தனை அடி என்று எண்ணிக்கொண்டே நடந்து போய் அவனே வைக்கட்டும்.